ஒரு நுகத்தடி தூரம்

சமணத் துறவி எப்படி நடக்க வேண்டும் என்பதற்குத் தனியாக விதி உண்டு. துறவி கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து சமிதிகளில் முதலாவதே நடையைப் பற்றியதுதான். இர்யா சமிதி என்பார்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் நடக்க வேண்டும். ஆளும் மாடும் நடந்து பழகிய தடத்திலேயே போக வேண்டும். கண் ஒரு நுகத்தடி நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ நான்கு முழத்துக்கு, முன்னே தரையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு அப்பால் பார்த்தால் எறும்பு தெரியாது. காலடியையே பார்த்தால், எறும்பைக் கண்ட பிறகு காலை நிறுத்த நேரம் இருக்காது. யாரோ நெடுநாள் நடந்து பார்த்துத்தான் இந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழைக்காலம் வந்துவிட்டால் நடையே கிடையாது. ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் முளையும் பெருகிக் கிடக்கும்போது எத்தனை கவனமாக நடந்தாலும் ஏதாவது ஒன்று மிதிபடும். அதனால் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்கிவிடுவார்கள். திகம்பரத் துறவிகளின் கையில் மயிற்பீலிக் கற்றை இருக்கும். மயில் தானாக உதிர்த்த இறகுகளால் கட்டியது. உட்காரும் முன்பும் படுக்கும் முன்பும் அந்த இடத்தைப் பீலியால் மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் உடம்பைச் சாய்ப்பார்கள்.

இயற்கை நடைக்கு இப்போது பெரிய மவுசு. மரத்தைக் கட்டிப்பிடியுங்கள், கண்ணை மூடி மூச்சை இழுங்கள், பிரபஞ்சத்தோடு ஒன்றிப்போங்கள் என்று மலைவாசத்தலங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். சமண விதியில் ஒன்றிப்போவது பற்றி ஒரு பேச்சும் இல்லை. எதையும் உணரும்படி அது கேட்பதில்லை. காலை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்து பழகியவன் என்ற முறையில் நான் அந்த விதியின் பக்கம்தான் நிற்பேன். பிற உயிர்களோடு ஓர் உறவு வேண்டும் என்று நடப்பவருக்கு முதலில் தேவை உணர்ச்சி அல்ல, கட்டுப்பாடு. கால் ஒழுங்குக்கு வந்தால் மனம் பின்னாலேயே வந்து சேரும். தலைகீழாக முயன்று வென்றவர்கள் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சுக்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. மாங்குளம், யானைமலை, கீழவளவு, சமணமலை, திருப்பரங்குன்றம், அரிட்டாபட்டி என்று ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் எல்லாம் சமணர்கள் தங்கிய குகைத்தளங்கள் இருக்கின்றன. தமிழகத்தின் மிகப் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் சில இந்தப் பாறைகளின் நெற்றியில்தான் வெட்டப்பட்டுள்ளன. நாலு முழம் பார்த்து நடந்த ஆட்கள் நடந்த தடங்கள் இவை. யானைமலையைக் காக்கும் போராட்டத்தை ஒட்டி 2010-இல் தொடங்கிய 'பசுமை நடை' போன்ற குழுக்கள் இந்தக் குன்றுகளுக்குப் பொதுமக்களைக் கூட்டமாக அழைத்துச் சென்றதால், கல்வெட்டு என்றால் ஆராய்ச்சியாளர் விஷயம் என்றிருந்த நிலைமை மாறியது. குடும்பம் குடும்பமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறும் பழக்கம் ஊருக்கு வந்தது.

இவற்றில் அரிட்டாபட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழு குன்றுகள், அவற்றைச் சுற்றிக் கண்மாய்கள், சுனைகள், வயல்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் உண்டு. பாறையைக் குடைந்த எட்டாம் நூற்றாண்டுச் சிவன் கோயில் ஒன்றும், அதில் பாசுபத சைவத்தின் குருவான லகுலீசரின், தமிழகத்தில் அரிதான, சிற்பமும் இருக்கின்றன. கழிஞ்சமலையின் குகைத்தளத்தில் இரண்டு தமிழிக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் ஒன்றும் உள்ளன. சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி என்று அதன் கீழுள்ள வட்டெழுத்து சொல்கிறது. மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பலவற்றில் அந்தப் பெயர் மறுபடி மறுபடி வரும்.

வருகிறவர்கள் எல்லோரும் சிற்பத்தையும் எழுத்தையும் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குக் கீழே, தரையில் இருப்பதை.

இந்தக் குகைத்தளங்களின் முகப்பில், பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டிவிடும். ஈராயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் பல இடங்களில் அது வேலை செய்கிறது. அதனால் காடிக்கு உட்பக்கம் உள்ள மண் எப்போதும் நனையாமல் மாவுபோல் கிடக்கும். அந்தப் பொடிமண்ணில் குனிந்து பார்த்தால் சிறு சிறு கூம்புக் குழிகள் தெரியும். காசளவு வாய், அடியில் ஒரு புள்ளி. கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் அது குழியானை என்று சொல்லத் தேவையில்லை. புல்லின் நுனியை விட்டு ஆட்டி அதை வெளியே இழுக்காத பிள்ளைகள் குறைவு.

குழியானை முழுப் பூச்சி அல்ல; ஒரு பூச்சியின் இளம்பருவம். அது வளர்ந்தால் தட்டானைப் போன்ற மெல்லிய சிறகுள்ள பூச்சியாகிப் பறந்துவிடும். இளம்பருவத்தில் அதற்கு முன்னோக்கி நடக்கத் தெரியாது. பின்புறமாகவே நகர்ந்து, சுற்றிச் சுற்றி வந்து, தலையால் மண்ணை வெளியே எறிந்து இந்தக் குழியைத் தோண்டுகிறது. பிறகு அடியில் தாடையை மட்டும் நீட்டிப் புதைந்துகொள்கிறது. விளிம்பில் வரும் எறும்பின் அசைவு மண்துகள்களின் வழியே அதற்குத் தெரிந்துவிடும். எறும்பு சறுக்கும், ஏற முயலும், குழியானை கீழிருந்து மண்ணை வாரி அடிக்கும், சரிவு இடியும், எறும்பு மறுபடி கீழே வரும். இரை கிடைக்காவிட்டால் நாள்கணக்கில் அப்படியே காத்திருக்கும். இரை எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து, வளர்ந்து முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சங்கடம் வரும். எறும்பைத் தூக்கி விடலாமா? விட்டால் குழியானை பட்டினி. விடாவிட்டால் எறும்பு சாகும். கொல்லாமையை உயிராகக் கொண்டவர்கள் படுத்த இடத்திலேயே, தலையணை போல மேடு வைத்து வெட்டிய கற்படுக்கைகளின் ஓரத்திலேயே, ஒரு பூச்சி நாள் முழுவதும் கொலை செய்துகொண்டிருக்கிறது. அந்தத் துறவிகளும் இதே மண்ணில் இதே குழிகளைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய விதி குழியானையைத் திருத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உன் காலால் எதுவும் சாகக் கூடாது என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. இயற்கை என்றால் அமைதி, அன்பு, இசைவு என்று எதிர்பார்த்து நடப்பவர் முதல் குழியிலேயே ஏமாந்துபோவார். இங்கே கிடைக்கும் உறவில் இனிமையைவிட மரியாதைதான் கூடுதல். இன்னொரு உயிருக்கு அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையில் நமக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்கிற மரியாதை. எனக்கு அதுவே போதுமான ஆன்மிகமாக இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியிருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்குகள் ஐயறிவு, மனிதர் ஆறறிவு. சமணமும் புலன்களை எண்ணித்தான் உயிர்களை வகைப்படுத்துகிறது. அங்கே மண், நீர், தீ, காற்று ஆகியவையும் ஓரறிவு உயிர்களாகக் கணக்கில் வந்துவிடும். நாம் இந்த அடுக்கை ஏணியாகவே படித்துப் பழகிவிட்டோம். உச்சியில் நாம் நிற்கிறோம் என்பதற்குச் சான்றாக மேடைகளில் எடுத்துவிடுவார்கள். குன்றில் நடக்கும்போது இது வேறு விதமாகப் பயன்படுகிறது. எதிரில் இருக்கும் உயிருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்கவைக்கிறது.

அந்தக் கேள்வியோடு நடந்து பாருங்கள். பாம்புக்கு வெளியே தெரிகிற காது கிடையாது. ஆனால் தரையின் அதிர்வு தெரியும். நீங்கள் வருவது உங்கள் கண்ணுக்கு அது படும் முன்பே அதற்குத் தெரிந்து, பெரும்பாலும் விலகிப் போயிருக்கும். எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தால், தடத்தின் வாசனை அறுந்துபோய், வரிசை அங்கேயே தடுமாறி நிற்கும். மணம்தான் அதற்குப் பாதை. தேவாங்கின் கண் இருட்டுக்கு ஆனது. இரவில் டார்ச் வெளிச்சத்தை நேரே அடித்தால் அதற்கு உலகமே மறைந்துபோகிறது. இரவு நடைக்குப் போகிறவர்கள் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டுவது இதனால்தான். ஒவ்வோர் உயிரும் வாழ்கிற உலகம் வேறு வேறு. ஒரே பாறையின் மேல் பத்து உலகங்கள் ஒன்றோடொன்று மோதாமல் நடக்கின்றன. இதை ஒருமுறை உணர்ந்தவர் செருப்புக் காலைத் தேய்த்து நடக்கக் கூச்சப்படுவார்.

செருப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோயில் காடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவது வழக்கம். சாமி குத்தம் என்பது காரணம். வெறுங்காலோடு முள்ளும் சரளையும் கிடக்கிற தரையில் போகும்போது கண் தானாகவே நாலு முழத்துக்கு வந்து நிற்கிறது. சமண விதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலே சொல்லித் தந்துவிடும். நடை பாதியாகக் குறையும், பேச்சும் குறையும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் நடைக்கென்றே தடிமனான காலணி வாங்கிவருகிறார்கள். வாங்கட்டும், பாறையில் பிடிமானம் வேண்டும்தான். ஆனால் அவர்கள் எதையும் பார்ப்பதில்லை என்பதற்கு அந்தக் காலணியும் ஒரு காரணம்.

நடையைப் பற்றி ஆராய்ச்சிகளும் நிறைய வந்துவிட்டன. ஜப்பான் அரசின் வனத்துறை 1982-இல் 'வனக் குளியல்' என்ற பெயரில் காட்டு நடையை மக்களிடம் பரப்பத் தொடங்கியது; அதன் பிறகு அங்கே மருத்துவர்கள் இரத்த அழுத்தத்தையும் மன அழுத்தத்தையும் அளக்கப் புறப்பட்டார்கள். எனக்குப் பிடித்தது 2020-இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஓர் ஆய்வு. வயது முதிர்ந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, எட்டு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், வியப்பூட்டும் எதையாவது தேடிக்கொண்டே நடங்கள் என்று கூடுதலாக ஒரு வரி சொல்லப்பட்டது. நடையின்போது எல்லோரும் தங்களைத் தாங்களே படம் எடுக்க வேண்டும். வாரங்கள் போகப் போக, வியப்போடு நடந்தவர்களின் படங்களில் அவர்களுடைய முகம் சட்டத்தில் அடைக்கும் இடம் குறைந்துகொண்டே வந்தது, பின்னணி பெருகியது, சிரிப்பும் கூடியது. யாரும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை. மனிதன் தன்னைச் சிறிதாக வைத்துக்கொள்ளும்போது சந்தோஷமாக இருக்கிறான் என்பதற்கு இதைவிட வேடிக்கையான சான்று கிடைக்காது.

இதிலும் ஒரு குறை உண்டு. இத்தகைய ஆய்வுகள் எல்லாமே நடப்பவருக்கு என்ன கிடைத்தது என்றுதான் அளக்கின்றன. அங்கிருந்த பறவைக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போனது என்பது கணக்கில் இல்லை. அதையும் அளப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு துறை. மனிதர் எவ்வளவு தூரத்துக்கு வந்ததும் ஒரு பறவை எழுந்து பறக்கிறது என்பதை மீட்டரில் குறிப்பார்கள். நேரே அதை நோக்கிப் போனால் வெகு முன்னதாகவே பறந்துவிடும். பக்கவாட்டில், வேறெங்கோ போகிறவரைப் போலக் கடந்தால் இன்னும் நெருங்க விடும். முறைத்துப் பார்க்கிற கண்ணை அவை இரைதேடும் கண்ணாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆடு மேய்ப்பவர் இருபதடியில் போனாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பனங்காடை, கேமராவோடு வருபவருக்கு அறுபதடியில் எழுவது ஏன் என்று இதிலிருந்து விளங்கும்.

அரிட்டாபட்டியில் தரையைப் பார்த்தது போதும் என்றானதும் மேலே பார்க்க வேண்டும். ராசாளிக் கழுகு, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு மூன்றும் இங்கே உள்ளன. மூன்றுமே பாறை முகட்டை நம்பி வாழக்கூடியவை. பறவையைத் தேடும் முன் பாறையைத் தேடுங்கள். செங்குத்தான முகத்தில் சுண்ணாம்பு ஊற்றியது போல வெள்ளைக் கோடுகள் வழிந்திருந்தால், அதற்கு நேர் மேலே இருக்கிற பொந்தோ திண்டோ யாரோ ஒருவரின் இருக்கை. ஷாஹீன், உலகின் மிக வேகமான பறவையான பொரி வல்லூறின் தென்னாட்டுக் கிளை. அந்த இனம் இரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதைக் கண்ணால் பின்தொடர முடியாது. காட்டுப்புறாக் கூட்டம் ஒன்று திடீரென்று நிலைகுலைந்து சிதறுவதை மட்டுமே நாம் பார்ப்போம்.

ஆண்டின் தொடக்க மாதங்கள் இந்தப் பறவைகளுக்கு முட்டையும் குஞ்சுமாக இருக்கும் காலம். மலையேற நமக்கும் அதுதான் இதமான காலம் என்பது சங்கடம். கூட்டுக்கு எதிரே கூட்டமாக நின்றால் தாய் கூட்டுக்குத் திரும்பாது. வெயிலில் முட்டை கெட்டுப்போக அதிக நேரம் தேவையில்லை. டிரோன் விட்டுப் படம் எடுப்பது இன்னும் மோசம். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இப்போது பரவியிருக்கிறது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று பதறித்தான் அந்தப் பறவை வெளியே வருகிறது. நாமோ அது நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாகப் பூரித்துப்போகிறோம். குரங்குக்கு பிஸ்கட் நீட்டுவதும் இதே வகைதான். கை நீட்டி வாங்கும் குரங்கோடு உறவு உண்டாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் அதே குரங்கு ஒரு பாட்டியின் பையைப் பிடுங்கும்; அதற்கடுத்த மாதம் கூண்டு வரும்.

நெருங்குவதைவிட ஒதுங்குவதில்தான் பிரியம் தெரியும் என்பது நம் பழைய பாட்டில் இருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாடலில், வினை முடித்துத் திரும்பும் தலைவன் தன் தேர் மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். பூவில் தாது உண்ணும் வண்டுகள் மணியோசையில் வெருண்டுவிடும் என்பதற்காக. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருக்கிறவன் அவன். தேரை நிறுத்தி இறங்கி வண்டுகளை ரசிப்பதாகப் பாட்டில் இல்லை. மணியை மட்டும் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

அந்தத் தலைவனின் வேலையை இன்று சிவகங்கை மாவட்டத்தில் ஊரே செய்கிறது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதையொட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டியிலும் பக்கத்து ஊர்களிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகளும் கொக்குகளும் பதறிவிடக் கூடாது என்பதுதான் காரணம். இதை ஊர் எடுத்த முடிவாகப் பல தலைமுறையாகக் காக்கிறார்கள். தீபாவளிக்கு வனத்துறை அந்த ஊர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கமாகியிருக்கிறது. அங்கே யாரும் தியான நடை நடப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. வயலுக்குப் போகிறார்கள், வருகிறார்கள்; போகிற வழியில் நாரை இருக்கிறது, அவ்வளவுதான். பத்து வயதுப் பையன் ஒருவன் பட்டாசுக் கடையைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வருவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் அந்த உறவின் கனம் தெரியும்.

இதை ரொம்பவும் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளைக் காத்ததற்கு, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் ஒரு காரணம். அந்த ஊரார் 1798-இலேயே, பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று கம்பெனி ஆட்சியின் கலெக்டரிடம் உரிமைப் பத்திரம் வாங்கியவர்கள். பக்தி எது, பயன் எது என்று பிரித்துப் பார்க்க நகரத்துக்காரருக்குத்தான் ஆசை. உழுகிறவருக்கு மாடு லட்சுமியும்தான், முதலும்தான்.

அரிட்டாபட்டிக்குத் திரும்புகிறேன். மேலூர்ப் பகுதியில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை எப்படித் தின்றன என்பது 2012-இல் விவகாரம் வெடித்தபோது ஊரறிந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்பு, சுரங்கத்துக்கான ஏலத்தில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு முடிவானது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் அந்த எல்லைக்குள் வந்தது. கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

இயற்கை நடைகளின் வரலாற்றை யாராவது எழுதினால், நான்குவழிச் சாலையில் வெயிலோடு போன அந்த நடையையும் சேர்க்க வேண்டும். அதில் வந்தவர்களில் பறவை நோக்குபவர்களும் தொல்லியல் ஆர்வலர்களும் உண்டு. ஆனால் பெருங்கூட்டம் உழவர்களும் ஆடு மாடு வைத்திருப்பவர்களும்தான். எந்தச் சுனை எந்த மாதம் வற்றும், எந்தப் பாறையிடுக்கில் மலைப்பாம்பு குளிர் காயும், எந்த மரத்தடியில் சாமி இருப்பதால் விறகு ஒடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு வழித்துணையாகத் தெரிந்த செய்திகள். மேயப் போன ஆட்டின் பின்னால் அன்றாடம் நடந்து கற்றவை. வெளியூரிலிருந்து போகிற நாம் ஒரு காலைப்பொழுதில் அதைப் பெற்றுவிட முடியாது. அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஒரே குன்றுக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். புதுப்புது இடங்களைப் பட்டியல் போட்டுப் பார்த்து முடிப்பவர்களுக்கு ஒரு மரமும் முகம் காட்டுவதில்லை என்பது என் கருத்து. கோடையில் இலையுதிர்ந்து நின்ற உசிலை, ஆடியில் எப்படி இருந்தது, ஐப்பசி மழைக்குப் பிறகு எப்படி ஆனது என்று தெரிந்தவருக்கு அது வெறும் உசிலை அல்ல, அந்த உசிலை.

ஏலம் ரத்தானதும் அரிட்டாபட்டிக்குப் பெயர் பரவி, இன்னும் நிறையப் பேருக்கு அங்கே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மகிழ்ச்சியான செய்திதான், கவலையும் அதிலேயே இருக்கிறது. போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் நடைமுறை யோசனைகள் உண்டு. ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்து போக வேண்டாம். ஊரார் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவருடைய அரை நாள் கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். விடிகாலையில் போய் வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். குகைத்தளத்தின் பொடிமண்ணில் உட்கார வேண்டியிருந்தால் குழிகளைப் பார்த்து உட்காருங்கள். கற்படுக்கையில் பெயர் செதுக்குபவரைக் கண்டால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் சண்டை போடுங்கள்.

பார்த்ததை எழுதியும் வையுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊரின் உயிர்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கிறது. பெரிய பரப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2025-இல் இரண்டாவதாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில் காடு 4.97 ஹெக்டேர்தான், ஒரு சாமிக்குப் பயந்து ஊர் வெட்டாமல் விட்ட தோப்பு. டங்ஸ்டன் தொகுதிக்குள் வந்த 2,015 ஹெக்டேரில் பாரம்பரியத் தலமாகச் சட்டப் பாதுகாப்பு உள்ளது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியுள்ள குன்றுகளில் எந்தப் பாறையில் எந்த வல்லூறு எந்த மாதத்தில் இருந்தது, எந்தச் சுனையில் தண்ணீர் நின்றது என்று தேதியோடு நீங்கள் குறித்த நோட்டுப்புத்தகம், அந்தந்த ஊராட்சியின் பதிவேட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள். ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். குழு அங்கே பெயரளவில்தான் இருக்கிறது என்றால், கிராமசபை கூடும் நாளில் எழுந்து கேளுங்கள்.